பழைய டர்போ டீசல்: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கார், 2009 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல். கார் பெயர் வேண்டாம், அந்த 1248 சிசி ஃபியட் இன்ஜின் அப்போது மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று ஷோரூமிலும் வேறு வேறு பெயரில் நின்றது உங்களுக்கே தெரியும். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 15 வருடம் முடிந்து இப்போதுதான் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைந்து ஆர்சி புதுப்பித்தோம், அதனால் வண்டியை விடவும் மனசில்லை.

ஞாயிறு அன்று பாண்டியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது வழக்கம்போலக் கன்னியக்கோயில் பக்கம் டீசல் நிரப்பிக்கொண்டு (கடலூர்க்காரன் எவன் முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்து நிரப்புவான்) வீட்டுக்கு வந்து நிறுத்தினேன். வழியில் ஒரு குறையும் இல்லை, புகை இல்லை, இழுவை நன்றாக இருந்தது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. பேட்டரி தீபாவளிக்கு மாற்றியது.

தெரு மெக்கானிக் வந்து ஏர் பைப்பைக் கழற்றி, டர்போ விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இருக்கு, டர்போ போச்சு, மாத்தினாத்தான் ஸ்டார்ட் ஆகும், முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். இன்னொருவர் போனிலேயே டீசல் பம்ப் போய்விட்டது என்கிறார். புது டீசலில் ஏதாவது கலப்படமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பா வித்துவிடலாம் என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வில்லியனூர் டீசல்:

தம்பி, முதலில் டர்போவை மறந்துவிடுங்கள். இன்ஜின் எரிந்து வெளியேற்றும் புகையின் வேகத்தில்தான் டர்போ சுற்றுகிறது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் எரிப்பே இல்லை, அதனால் டர்போ சும்மாதான் நிற்கும், காற்று அதன் வழியாக உள்ளே போகும், அவ்வளவுதான். டர்போ செத்த வண்டி ஸ்டார்ட் ஆகும், இழுக்காது, இல்லை நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். விசிறியில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருப்பது சகஜம், ஓடும்போது ஆயில் படலத்தின் மேல்தான் அந்தத் தண்டு மிதக்கிறது. முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கை உள்சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோதான் கவலை. ஒரே விதிவிலக்கு, டர்போ சீல் போய், டர்போ தரும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் பைப் நிறைய ஆயில் தேங்கியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது, அந்த ஆயில் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தப் பைப்பைத் தடவிப் பாருங்கள், விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டினால் அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். டீசல் இன்ஜின் பிடிக்க மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுற்றணும், உள்ளே அழுத்தம் ஏறணும், சரியான நேரத்தில் டீசல் தெளிக்கணும். எது இல்லை என்று காரே சொல்லும், நாம்தான் பார்ப்பதில்லை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பின்னால் போய் நில்லுங்கள். பத்து வினாடிக்கு மேல் ஒரேயடியாக அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள், செல்ஃப் மோட்டார் சூடாகி அதுவும் போனால் செலவு இரண்டாகும். பின்னால் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகைபோல ஏதாவது வருகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா? வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை. இந்த ஒரு பார்வையில் வேலை பாதியாகக் குறையும்.

அப்புறம் சத்தம். வழக்கமான தாளத்தில், விட்டு விட்டு அடிக்கிறதா, இல்லை தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றுகிறதா? தடை இல்லாமல் சுற்றினால் உள்ளே அழுத்தம் இல்லை. இந்த இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது பெல்ட் இல்லை, டைமிங் செயின். அது தளர்ந்து பல் தாண்டியிருந்தால் அப்படிச் சுற்றும், உடனே நிறுத்திவிடுங்கள்.

டேஷ்போர்டில் இரண்டு பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா? எழும்பினால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட இம்மொபிலைசர் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் கார் உங்கள் சாவியையே நம்பவில்லை, இன்னொரு சாவி போட்டுப் பாருங்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் என்று யாராவது ஆரம்பித்தால் கேட்காதீர்கள். ஊட்டியில் மார்கழியில் சொன்னால் கேட்கலாம். கடலூர் வெயிலில் நாலு குளோ பிளக்கும் செத்திருந்தாலும் இந்த இன்ஜின் கொஞ்சம் இருமிக்கொண்டாவது பிடிக்கும்.

புது டீசல் சந்தேகத்துக்கு, ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. சமீபத்தில் யாராவது கை வைத்தார்களா? சர்வீஸ், ஃபில்டர், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில் வண்டி சமதரையில் நிற்கிறதா, சரிவிலா?

பலாக்கொட்டை (பண்ருட்டி):

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு சார். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ரெண்டு அடி, ஒரே அடியில் பிடிக்கும். எங்கள் மாமா டிராக்டருக்கு வருடக்கணக்காக இதுதான் வைத்தியம். இல்லையென்றால் நாலு பேரை விட்டுத் தள்ளி செகண்ட் கியரில் விடுங்கள்.

வில்லியனூர் டீசல்:

பலாக்கொட்டை, உங்கள் மாமா டிராக்டரில் குளோ பிளக் இல்லாமல் இருந்திருக்கும், அதனால் தப்பித்தார். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர், அதை குளோ பிளக் சிவந்து நிற்கும் இன்ஜினுக்குள் அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். இன்டேக் பிளாஸ்டிக் பிளந்து பானட்டுக்கு அடிவரை தெறித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் வளையம் உடைவதும் உண்டு. தம்பி, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

தள்ளுவதும் வீண். செல்ஃப் ஜோராக அடிக்கிறது என்று அவரே சொல்கிறார். செல்ஃப் சுற்றி வராத டீசல் நாலு பேர் தள்ளினால் மட்டும் எங்கிருந்து வரும்?

துறைமுகம் (கடலூர் ஓ.டி.):

நான் போட் இன்ஜின் வேலை செய்கிறவன், கார் பக்கம் அதிகம் போவதில்லை, ஆனால் உப்புக்காற்று என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் மின்சாரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் டீசலுக்குப் போகணும். செல்ஃப் ஜோராக அடிக்கிறது என்று காதால் சொல்லாதீர்கள், மீட்டர் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல்ஃப் சுற்றும், ஆனால் ஈசியூ தடுமாறும்.

அதே மீட்டரில் கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் அழுகிவிட்டது. வெளியே ரப்பர் புதுசு மாதிரி இருக்கும், ஒயர் முனையை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப் பக்கம் கத்தியால் கீறினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப் பொடியாக உதிரும். தேவனாம்பட்டினம் பக்கம் நிற்கிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேவையும் அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலேவோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஹாரன் ரிலே பல வண்டியில் அதேதான், காசு செலவில்லை. பானட் தூக்கியதும் எலிப் புழுக்கை கிடந்தால் ஒயரிங்கை விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் நம் பக்கம் வந்ததே, அதில் நின்ற வண்டியா இது? அப்படியென்றால் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கணும், அந்தத் தண்ணீர் அப்போதே ஒன்றும் செய்யாது, ஆறு மாசம் கழித்துதான் பச்சை பூக்கும்.

மின்சாரம் சரியென்றால் ஏர் லாக், டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கும். சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசிலின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தால் ஏர் எல்லாம் போய்விடும், போட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

வில்லியனூர் டீசல்:

அண்ணே, எர்த் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. கடைசி வரியை மட்டும் தம்பி செய்ய வேண்டாம். போட்டில் இருப்பது பழைய வகை பம்ப், அதில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது சரி. இது காமன் ரயில், எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் (அதுதான் ரயில்) பம்ப் டீசலை அழுத்தி வைத்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போதே இருநூறு முந்நூறு பார் அழுத்தம் வரும், ஓடினால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த இரும்புக் குழாயிலிருந்து ஊசிபோலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே எடுக்கும் நிலை வரும். ரயிலுக்கும் நாசிலுக்கும் நடுவே இருக்கும் நட்டைத் தெருவில் யாரும் தொடக் கூடாது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வைத்தேன், செல்ஃப் அடிக்கும்போது 10.6 வோல்ட். எர்த் சோதனையில் 0.2. வெள்ளத்தில் நின்ற வண்டி இல்லை துறைமுகம் அண்ணே, அந்த வாரம் அக்கா வீட்டில் நெல்லிக்குப்பத்தில் மேட்டில் நின்றது. எலி இல்லை, பூனை வளர்க்கிறோம்.

ஆர்பிஎம் முள் எழும்புகிறது. சாவி லைட் வந்து அணைந்துவிடுகிறது. சத்தம் வழக்கமான தாளம்தான். பின்னால் என் தம்பியை நிற்க வைத்தேன், புகையும் இல்லை வாடையும் இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது என்கிறான். ஃபில்டரில் வடித்த டீசல் அரை மணி நேரம் வைத்தும் சுத்தமாகத்தான் இருக்கிறது, பங்க்மேல் சந்தேகப்பட்டது தப்பு போலிருக்கிறது.

கை வைத்தது என்றால், போன மாசம் சர்வீஸ் விட்டோம், ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றினார்கள். நீங்கள் கேட்டதும் யோசித்தேன், அதற்குப் பிறகுதான் காலையில் இழுத்து இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. வழக்கமாகத் தெருவில் நிற்கும், சமதரை. அன்று எதிர்வீட்டில் பந்தல் போட்டிருந்ததால் எங்கள் வாசல் சரிவில் மூக்கு மேலே பார்க்க ஏற்றி நிறுத்தினேன்.

நண்பன் ஒருவன் காரின் கோளாறைப் படிக்கும் புளூடூத் ஓபிடி டப்பா வைத்திருக்கிறான். அதைச் செருகினால் பி0087 என்று ஒரு எரர் கோட் வருகிறது. வேறு எதுவும் இல்லை.

வில்லியனூர் டீசல்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். பி0087 என்றால் ரயிலில் அழுத்தம் போதவில்லை. அந்த டப்பாவிலேயே லைவ் டேட்டாவில் ஃபியூல் ரயில் பிரஷர் என்று இருக்கும், அதைத் திறந்து வைத்து செல்ஃப் அடியுங்கள். இந்த வகை இன்ஜினில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தாண்டும்வரை ஈசியூ நாசிலைத் திறக்கவே திறக்காது. அதனால்தான் பின்னால் புகையே வரவில்லை. ஆப் சிலதில் கிலோபாஸ்கல் கணக்கில் காட்டும், 20,000 கிலோபாஸ்கல் என்றால் 200 பார்.

அழுத்தம் ஏறாமல் இருக்க ஒன்று பம்புக்கு டீசல் சரியாக வரவில்லை, இல்லை பம்ப் தருவதை நாசிலோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வோ டாங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பக்கம் ஒழுக விடுகிறது, கடைசியாகத்தான் பம்பே தேய்ந்திருக்கும். போனிலேயே பம்ப் போச்சு என்று சொன்னவர் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

ஃபில்டர் மாற்றிய பிறகு ஆரம்பித்தது, மூக்கு மேலே நிறுத்தியதும் முழுசாக நின்றது. டாங்க் பின்னால் இருக்கிறது, மூக்கைத் தூக்கி நிறுத்தினால் குழாயில் நிற்கும் டீசல் ராத்திரியெல்லாம் டாங்க்குக்கே திரும்பி இறங்கும். ஆனால் மேலே எங்கேயாவது காற்று நுழைந்தால்தான் இறங்க முடியும். உங்கள் வண்டியில் ஃபில்டர் மேல் கையால் அமுக்கும் பிரைமர் இருந்தால், அது டாங்க்கிலிருந்து உறிஞ்சி எடுக்கும் அமைப்பு. இதில் ஒரு தொல்லை உண்டு. டாங்க்குக்குள் கரண்ட் பம்ப் இருக்கும் வண்டியில் இணைப்பு சரியில்லை என்றால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் வண்டியில் ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி. அதனால் காய்ந்து கிடக்கிறது, கசிவில்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. பிரைமரை அமுக்கிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகணும். கொழகொழவென்றே இருந்தால் காற்று. அடுத்து, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஒரு ஜாண் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைக் கிளிப் போட்டு மாட்டுங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அளவுக்குப் பழைய குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதில் குமிழி ஓடுகிறதா பாருங்கள்.

குமிழி ஓடினால், டாங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டில் சுத்தமான டீசலைப் பானட் உயரத்தில் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஃபில்டருக்குக் கொடுங்கள். குமிழி நின்றுவிட்டால் டாங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே எங்கோ விரிசல், காருக்கு அடியில் போய்ப் பார்க்கணும். அப்போதும் குமிழி வந்தால் ஃபில்டர் தலையிலேயேதான். பாட்டிலை ஃபில்டருக்கு முன்னால்தான் கொடுக்கணும், சோம்பல்பட்டு நேராகப் பம்புக்குக் கொடுத்து ஒரு மண் துகள் உள்ளே போனால் அப்போது நிஜமாகவே பம்ப் வாங்கவேண்டி வரும்.

தட்டாஞ்சாவடி 1.8:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பெட்ரோல் டர்போ, 2005 மாடல், 1.8 லிட்டர், 20 வால்வ். காலையில் ஒரே அடியில் பிடிக்கிறது. கொஞ்சம் ஓடி நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் அணைந்தால் செல்ஃப் மட்டும் அடிக்கிறது, பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. இதற்கும் ரயில் அழுத்தமா?

வில்லியனூர் டீசல்:

பெட்ரோலுக்குக் கணக்கு வேறு, தனித் திரி போட்டால் நல்லது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். பிடிக்காமல் நிற்கும் அந்த நேரத்திலேயே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, சாவி போட்டதும் பின்சீட் அடியில் பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் கேட்கிறதா, பம்ப் ரிலே எப்படி என்று போகணும். சூட்டில் செத்து ஆறினால் உயிர்வருவது என்றால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுந்து, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நிற்கும் நேரத்தில் செல்ஃப் அடித்து ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள், அசையாமல் கிடந்தால் அதேதான். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியென்றுதான் காட்டும், ஷாப்புக்கு எடுத்துப்போய் ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள் எல்லாம் இந்த ரகம்.

ஒன்று, உங்களுடையது டைமிங் பெல்ட் இன்ஜின். பெல்ட் மாற்றி எவ்வளவு ஆச்சு என்று தெரியாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கெடிலக்கரை:

கண்டுபிடித்தாச்சு!

ரயில் பிரஷர் செல்ஃப் அடிக்கும்போது 70 பாருக்கும் 90 பாருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஏறவே இல்லை. பிரைமர் எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை. கண்ணாடி டியூப் மாட்டினேன், சோடா பாட்டில் திறந்த மாதிரி பொடிப்பொடியாகக் குமிழி. பாட்டிலில் டீசல் கொடுத்தும் நிற்கவில்லை. அப்போது ஃபில்டர் தலையைக் கழற்றினோம்.

புது ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம், பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் வெளியே பிதுங்கி, அதன்மேல் மூடியை வைத்துத் திருகியிருக்கிறார்கள். பிதுங்கிய இடம் தட்டையாக நசுங்கி, நகத்தால் கீறியதுபோல ஒரு வெட்டு. அதைத் தவிர மற்றபடி வளையம் பளபளவென்று புதுசாகவே இருக்கிறது. மூடியின் வெளியே ஒரு துளி ஈரம்கூட இல்லை, நீங்கள் சொன்னது அப்படியே. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்பேர் கடையில் ஃபில்டர் கிட்டோடுதான் தருவேன் என்றார்கள், சரி என்று முழுசாக வாங்கி, வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி உட்கார வைத்தேன். பிரைமர் சீக்கிரமே இறுகிவிட்டது. செல்ஃப் அடித்ததும் 240 என்று காட்டியது, ஒரு குலுக்குக் குலுக்கி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு, பிடித்துவிட்டது. அப்பா பானட் மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். டர்போவை மாற்றச் சொன்னவர் தெருவில் போகும்போது சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை. காலையில் ஜம்மென்று பிடிக்கிறது. நன்றாக ஓடிவிட்டு நிறுத்தி, சூட்டோடு சூடாக மறுபடி எடுத்தால் கொஞ்சம் நீளமாக செல்ஃப் அடிக்கவேண்டியிருக்கிறது. பிரஷர் அப்போது மெதுவாகத்தான் ஏறுகிறது. இதுவும் காற்றுதானா?

துறைமுகம்:

வாழ்த்துகள் தம்பி. ஓ-ரிங்கைப் போடும்போது பழையது பள்ளத்திலேயே ஒட்டிக்கிடக்கிறதா என்றும் பார்க்கணும், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள், போட்டிலும் இதே கூத்துதான்.

வில்லியனூர் டீசல்:

மகிழ்ச்சி. சூட்டில் மட்டும் தாமதம் என்றால் காற்று இல்லை, காற்றென்றால் ராத்திரி நின்ற பிறகு காலையில்தான் படுத்தும். டீசல் சூடாகும்போது நீர்த்துப்போகும், அப்போது தேய்ந்த நாசில் ரிட்டர்ன் பக்கம் அதிகமாக விட்டுவிடும். 1,62,000 ஓடிய நாசில்களுக்கு இது வயசுக்கோளாறு.

மருந்துக் கடையில் ஒரே நீளத்தில் நாலு சலைன் டியூப், கூடவே ஒரே அளவில் நாலு சின்ன பாட்டில் வாங்குங்கள். நாசில் தலையில் இருக்கும் மெல்லிய ரிட்டர்ன் குழாயைக் கிளிப்போடு கழற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டியூபை ஒரு பாட்டிலுக்கு விடுங்கள். திறந்து கிடக்கும் பழைய ரிட்டர்ன் குழாயின் வாயை அடைத்துவிடணும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு நாலு பாட்டிலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்றால் நாசில்களை விட்டுவிட்டு ரெகுலேட்டர் வால்வைப் பார்ப்போம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறினால் அதுதான் ஆள். இது ரிட்டர்ன் பக்கம், அழுத்தம் கிடையாது, கை வைக்கலாம். மேலே சொன்ன இரும்புக் குழாயை இப்போதும் தொடக் கூடாது.

கெடிலக்கரை:

செய்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பாட்டில்கள் ஒரே மட்டம். மூன்றாவது பாட்டில் மட்டும் நிரம்பி வழியப் பார்த்தது. பாண்டியில் ஒரு பம்ப் கடைக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன், மூன்றாவதை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதுமா, நாலையும் கொடுக்கணுமா?

வில்லியனூர் டீசல்:

நாலையும் சோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், சோதிக்கும் கூலி பெரிசாக இருக்காது, பழுது பார்ப்பதை மூன்றாவதுக்கு மட்டும் செய்துகொள்ளலாம். வண்டியோடு போய் அங்கேயே கழற்றச் சொன்னால் நல்லது. கழற்றும்போது எது எந்த சிலிண்டர் என்று பெயின்ட்டில் புள்ளி வைக்கணும். நாசில் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் நம்பர் பொறித்திருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாசில் மாறினால் அந்த நம்பரை ஸ்கேனரில் ஈசியூவுக்குள் எழுதணும், அதைச் செய்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். அடியில் இருக்கும் காப்பர் வாஷர் புதுசுதான் போடணும். பழையதைச் சுட்டுத் தேய்த்துத் திரும்பப் போடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

தட்டாஞ்சாவடி 1.8:

முள் அசையவே இல்லை. சென்சார் ஆர்டர் போட்டாச்சு. பெல்ட்டும் சேர்த்து.

வில்லியனூர் டீசல்:

வாட்டர் பம்பும் சேர்த்துப் போடுங்கள், அந்த இன்ஜினில் அதைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். தனியாகப் போனால் இதே கூலி இன்னொரு தடவை.